‘கரைச்சல்’ யாருடைய சொல்? எந்தக் ‘கரை’யிலிருந்து வந்தது?

உள்துறைமுகம்:

எல்லோருக்கும் வணக்கம். அலுவலகத்தில் மேலிடத்துக்கு ஒரு கடிதம் வரைந்தேன். திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான்களும் கட்டாக்காலி மாடுகளும் மாலை நேரத்தில் வீதியை மறித்துக்கொண்டு நிற்பது பற்றியது. ‘பாதசாரிகளுக்குப் பெரும் கரைச்சலாக உள்ளது’ என்று எழுதியிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “கரைச்சல் சிங்களச் சொல், தமிழில் தொந்தரவு என்று எழுது” என்றார். அவர் தமிழர்தான். எதிர் மேசையில் இருக்கும் சிங்கள நண்பரிடம் கேட்டால், “எங்கள் பாட்டி காலத்திலிருந்தே கரச்சல் எங்களுடையதுதான்” என்று சிரிக்கிறார்.

என் கேள்விகள் இரண்டு. இது தமிழா, சிங்களமா? தமிழென்றால், தேத்தண்ணீரில் சீனி கரைகிறதே, அந்தக் கரைதானா இது?

தம்பலகாமத்தான்:

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? தமிழ்தான். எங்கள் ஊரில் வயல் வரம்பில் நின்றுகொண்டு ‘கரைச்சல்’ என்ற சொல்லைச் சொல்லாமல் ஒருவர் அரை மணித்தியாலம் பேசட்டும், பார்க்கலாம்.

மூதூர்க் காற்று:

தம்பலகாமத்தார் சொல்வது வழக்கு. அவர் கேட்டது மூலம். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும் கரைச்சல்தான், கந்தளாய் போகும் பஸ்ஸில் சிங்களவர்கள் பேசுவதிலும் கரச்சல்தான். மூன்று வீட்டிலும் புழங்கும் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறார்.

சென்னைவாசி:

இந்தியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே இந்தப் பொருளில் நான் கேட்டதே இல்லை. இலங்கை நண்பர் ஒருவர் முதன்முதலில் “உங்களுக்குக் கரைச்சல் தந்துவிட்டேனா?” என்று கேட்டபோது எதையோ கலக்கிக் குடிக்கக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். எங்களுக்குக் கரைசல் தெரியும். இயற்கை விவசாயிகள் அமிர்தக் கரைசல், வேப்பங்கொட்டைக் கரைசல் என்பார்கள். நடுவில் ஒரு ‘ச்’ சேர்ந்ததும் அது எப்படித் தொல்லையாகிறது?

பழஞ்சுவடி:

நல்ல கேள்வி. அந்த ‘ச்’சிலிருந்தே தொடங்கலாம்.

இந்தச் சொற்களை வரிசையாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அலைச்சல், உளைச்சல், குடைச்சல், இரைச்சல், புகைச்சல், நமைச்சல், விளைச்சல், அடைச்சல். இன்னும் காய்ச்சல், பாய்ச்சல், மேய்ச்சல், எரிச்சல். வினையடி எல்லாவற்றிலும் ஐ, இ, ய் ஆகியவற்றில் ஒன்றில் முடிகிறது. அந்த ஒலிகளுக்குப் பின்னால் ‘த்த’ வந்தால் பேச்சில் ‘ச்ச’ ஆகிவிடுவது தமிழின் பழக்கம். ‘அடித்து’ என்பதை ‘அடிச்சு’ என்கிறோம் அல்லவா? அந்த உச்சரிப்பு சில பெயர்ச்சொற்களில் எழுத்திலும் நிலைத்துவிட்டது என்றே நான் கொள்கிறேன். ‘கரை’ என்ற வினை ஐயில் முடிகிறது. ஆகவே ‘கரைச்சல்’ மேலே சொன்ன வரிசையில் ஒரு தள்ளுமுள்ளும் இல்லாமல் போய் உட்காருகிறது.

சிங்களத்தில் அப்படியொரு வரிசை இல்லை. அங்கே ‘கரச்சல’ தனியாளாக நிற்கிறது. அதைப் பெற்ற வினையும் இல்லை, ‘ச்சல்’ விகுதி கொண்ட உடன்பிறப்புகளும் இல்லை. ‘கரனவா’ (செய்தல்) என்ற வினையோடு ஒட்டிப் பார்க்கலாமே என்பார்கள். அப்போது ‘ச்சல’ எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். கடை ‘கடே’ ஆகவும், கப்பம் ‘கப்பம’ ஆகவும் போன வழியில்தான் இதுவும் போயிருக்கிறது. பேச்சு வழியாகப் போன சொல் என்பதற்கு அந்த ‘ச்ச’வே சாட்சி.

மேசைக்காரரிடம் சொல்லுங்கள்: சிங்களவர் பேசுவதால் அது சிங்களமும்தான். ஆனால் பிறந்த வீடு தமிழ்.

உள்துறைமுகம்:

மிக்க நன்றி ஐயா. இரண்டாம் கேள்வி?

நிலாவெளி அலை:

அதற்கு நான் பதில் சொல்கிறேன். கடல் மண்ணைக் கரைப்பதால்தான் அதற்குக் ‘கரை’ என்று பெயர். கரையில் இருப்பவனுக்கு எந்நேரமும் கரைச்சல். கடலரிப்பு வரும் மாதங்களில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். திருக்கோணமலைத் தேவாரத்திலேயே சம்பந்தர் ‘கரைகெழு சந்தும் காரகிற் பிளவும்’ என்று பாடியிருக்கிறார். கரைவலை, கரைவாடி எல்லாம் அதிலிருந்துதான்.

ஐந்திணை ரீச்சர்:

தம்பி, தேவாரத்தை இழுக்கும்போது முழு அடியையும் பார்க்க வேண்டும். மூன்றாம் திருமுறையில் வரும் அந்தப் பாட்டில் கடல் எதையும் கரைக்கவில்லை. சந்தனத்தையும் அகில் துண்டங்களையும் மணிகளையும் வாரிக்கொண்டு வந்து முத்தைக் கொழிக்கிறது. கொடுக்கும் கடல் அது.

கரை என்றால் ஓரம், விளிம்பு. சேலைக்கும் வேட்டிக்கும் கரை உண்டு. அதை எந்தக் கடல் அரித்தது? ஓரத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல் வேறு, வினை வேறு.

என் கருத்தைச் சொல்கிறேன். இது சீனி கரைகிற கரை அல்ல, காகம் கரைகிற கரை. ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்கிறது 527ஆம் குறள். குறுந்தொகை 210இல் நச்செள்ளையார் ‘விருந்து வரக் கரைந்த காக்கையது பலியே’ என்கிறார். அந்தப் பாட்டினால்தான் அவருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயரே வந்தது. கரைதல் என்றால் கூப்பிடுதல், ஒலித்தல், அழுதல். மலையாளத்தில் இன்றும் ‘கரயுக’ என்றால் அழுவதுதான். இரை என்ற வினையிலிருந்து இரைச்சல் வந்தது போல, கரை என்பதிலிருந்து கரைச்சல். காதருகே விடாமல் கத்திக்கொண்டிருப்பது. அழுகிற பிள்ளையைப் பார்த்துத்தானே நாம் முதலில் ‘கரைச்சல் தராதே’ என்கிறோம்?

தம்பலகாமத்தான்:

ரீச்சர் சொல்வது சரியாகப் படுகிறது. முற்றத்தில் நெல் காயப்போட்டுவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தவனுக்குத் தெரியும் காகம் எவ்வளவு கரைச்சல் என்று.

வாயில்லாப் பூச்சி:

எனக்கும் கறைச்சல் என்றால் மனதில் படிந்த கறை என்றுதான் பட்டது. முகநூலில் பாதிப் பேர் ‘கறைச்சல்’ என்றுதான் எழுதுகிறார்கள்.

ஐந்திணை ரீச்சர்:

பாதிப் பேர் எழுதுவதால் பிழை சரியாகிவிடாது. கறை பெயர்ச்சொல். விகுதி வினையில்தான் ஒட்டும். இடையின ‘ர’ போடுங்கள்.

கந்தளாய் வாத்தியார்:

நான் விஞ்ஞானம் படிப்பித்தவன். இலக்கியம் எனக்கு எட்டாது. ஆனாலும் கரைதல் என்றதும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் கரைதலையும் உருகுதலையும் பிரித்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டி உருகுகிறது, அதற்கு வெப்பம் போதும், துணை வேண்டாம். உப்புக் கரைகிறது, அதற்கு நீர் என்ற துணை வேண்டும். உப்பை உருக்கவும் முடியும். அதற்கு 801 பாகை செல்சியஸ் வேண்டும், எந்தக் குசினியிலும் நடவாது. அதே உப்பு, 100 கிராம் சாதாரண நீரில் ஏறத்தாழ 36 கிராம் வரை பேசாமல் கரைந்துவிடும். நீரைச் சுடவைத்தாலும் இந்த அளவு பெரிதாக ஏறாது. சீனி அப்படியல்ல. அறை வெப்பநிலையிலேயே 100 கிராம் நீரில் 200 கிராம் அளவுக்குக் கரையும், சூடேற ஏற இன்னும் கூடும். ஆறின தேத்தண்ணீரில் சீனி அடியில் தங்குவது கரைய இடமில்லாததால் அல்ல, கரையும் வேகம் குறைந்ததால். கரண்டி எதற்கு இருக்கிறது?

கடல்நீரில் ஒரு லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்புகள் கரைந்திருக்கின்றன. குச்சவெளிப் பக்கத்து உப்பளங்களில் நடப்பது கரைதலின் மறுபக்கம். பாத்தியில் நீர் வற்றிப் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும்போது கறியுப்புப் படிகமாக விழத் தொடங்குகிறது. அதாவது கரைந்தது அழியவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே இருந்தது.

சென்னைவாசிக்கு ஒரு செய்தி. நீங்கள் ‘கரைபொருள்’ என்று படித்ததை நாங்கள் ‘கரையம்’ என்று படிப்பிக்கிறோம். கரைப்பானும் கரைசலும் இரு பக்கமும் ஒன்றுதான்.

சென்னைவாசி:

கரையம்! அழகான சொல். ஒரு கேள்வி வாத்தியாரே, அஸ்தியைக் கடலில் ‘கரைக்கிறோம்’ என்கிறோமே, அது கரையுமா?

கந்தளாய் வாத்தியார்:

எலும்பின் பெரும்பகுதி கல்சியம் பொசுபேற்று. நீரில் கரையவே கரையாது என்று சொல்லுமளவுக்குக் குறைவு. சாம்பலில் உள்ள பொற்றாசியம் உப்புகள் கரையும். மற்றது அலையோடு பரவி அடியில் தங்கும். ஆனால் கன்னியாவில் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களிடம் போய் இதை நான் சொன்னதில்லை, சொல்லப்போவதுமில்லை.

மூதூர்க் காற்று:

அப்படியானால் பாராளுமன்றத்தை ஏன் கரைக்காமல் கலைக்கிறார்கள்?

பழஞ்சுவடி:

கூட்டம் கலைகிறது, மேகம் கலைகிறது, வாரிய தலை கலைகிறது. சேர்ந்திருந்தவை பிரிந்து போவது கலைதல். உறுப்பினர்கள் கரைந்து போவதில்லை நானா, அடுத்த தேர்தலுக்குச் சுவரொட்டியில் முழுசாகத்தான் வருகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வாத்தியார் கொடுத்த வேறுபாடு இங்கே உதவுகிறது, ஆனால் அவர் நினைத்த விதத்தில் அல்ல. கரைதலும் உருகுதலும் இன்றைய தமிழில் வேறுவேறு. அக்கம்பக்கத்து மொழிகளில் அப்படியில்லை. கன்னடத்தில் ‘கரகு’ என்றால் கரைவதும் உருகுவதும்தான். தெலுங்கிலும் ‘கருகு’ அப்படியே, பனிக்கட்டிக்கும் வெண்ணெய்க்கும் அதுதான். (ஹைதராபாத்தில் வெண்ணெய் கருகிவிட்டது என்று யாராவது சொன்னால் அடுப்பை அணைக்க ஓடாதீர்கள்.) ஆகவே பழைய பொருள், திடமாக இருந்த ஒன்று வடிவம் இழந்து போவது என்று கொள்ளலாம். நீரும் வெப்பமும் பின்னால் வந்த பிரிவுகள்.

இப்போது ரீச்சரின் காகத்தைப் பாருங்கள். கன்னடத்தில் கூப்பிடுவதற்குச் சொல் ‘கரெ’. மலையாளத்தில் அழுவதற்குக் ‘கரயு’. இவற்றில் ‘கு’ இல்லை. கரைந்து போகும் சொல்லில் கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘கு’ இருக்கிறது. தமிழில் மட்டும் இரண்டும் ‘கரை’ என்று ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியிலும், 1984இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலும் இவ்விரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்தார்கள். ஆகவே காகம் கரைவதும் சீனி கரைவதும் ஒரே சொல்லின் இரு பொருள் அல்ல, ஒரே உடையில் வந்த இரண்டு சொற்கள். ‘அழுதால் மனம் கரைகிறது, அதனால் அழுகைக்கும் கரைதல் என்று பெயர்’ என்று மேடைகளில் விளக்குவார்கள். கேட்க இனிக்கும். கன்னடத்துக்காரரிடம் அந்த விளக்கம் செல்லாது.

ஐந்திணை ரீச்சர்:

இரண்டு சொல் என்பதை ஏற்கிறேன். ஆனால் அது என் கட்சிக்குப் பாதகமில்லையே? இரண்டில் எது கரைச்சலுக்குத் தாய் என்பதுதானே கேள்வி?

பழஞ்சுவடி:

அதேதான். நான் சீனியின் பக்கம் நிற்கிறேன். காரணம் பொருள் வரிசை. மேலே கொடுத்த பட்டியலில் துன்பத்தைக் குறிப்பவற்றைத் தனியே எடுங்கள்: அலைச்சல், உளைச்சல், குடைச்சல், எரிச்சல், நமைச்சல். எல்லாம் உடம்பில் நடக்கிறவை. எரிவது, குடைவது, உளைவது. அவை மனத்துக்கு ஏறியிருக்கின்றன. கரைச்சலும் அப்படித்தான்: நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகிறேன் என்பது. காசு கரைகிறது, உடம்பு கரைகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்றெல்லாம் சொல்கிறோம். எல்லாவற்றிலும் இழப்பு, பயம், மெலிவு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பழமொழி இருக்கிறது: கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். ஒருவரை விடாமல் கேட்டுக் கேட்டு இளக்குவதுதான் அங்கே கரைத்தல். இந்தக் கரைத்தலுக்கு ஆளானவனிடம் கேளுங்கள், அதற்கு என்ன பெயர் என்று. கரைப்பவனுக்கு அது சாமர்த்தியம், கல்லுக்கு அது கரைச்சல்.

தம்பலகாமத்தான்:

கட்சி மாறுகிறேன். பழஞ்சுவடி ஐயா சொல்வதுதான் சரி.

ஐந்திணை ரீச்சர்:

தம்பலகாமத்தாருக்கு இன்று எத்தனை கட்சி?

பழமொழியை நீங்கள் எடுத்தது நல்லதாயிற்று, அது எனக்குத்தான் சாட்சி. கல்லைக் கரைப்பவர் எதனால் கரைக்கிறார்? வாயால். கேட்டுக் கேட்டு, சொல்லிச் சொல்லி. பழமொழியின் சுவையே காகத்தின் கரையும் சீனியின் கரையும் ஒரே ஓசையில் உரசிக்கொள்வதில்தான் இருக்கிறது. பேச்சு இல்லாத கரைச்சல் ஆரம்பத்தில் இருந்திருக்காது என்பதே என் வாதம்.

பழஞ்சுவடி:

உரசுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் ‘கரைத்தால்’ என்பதில் வல்லினம் இரட்டிக்கிறது பாருங்கள். காகம் கரைந்தது என்போம், கரைத்தது என்று யாரும் சொல்வதில்லை. கூப்பிடுகிற கரைக்குப் பிறவினை இல்லை. பழமொழியில் இருப்பது பிறவினை. அதனால் அது புளியைக் கரைக்கிற கரைதான்.

ஐந்திணை ரீச்சர்:

பழமொழிக்கு ஒத்துக்கொள்கிறேன். கரைச்சலுக்கு அது போதாது. காய்ச்சல் காய்தலில் பிறந்தது, காய்த்தலில் அல்ல. மேய்ச்சல் மேய்தலில் பிறந்தது. ‘ச்ச’ இருப்பதால் உள்ளே ‘த்த’ இருந்தது என்று ஒவ்வொன்றிலும் சொல்ல முடியாது. இரைச்சலை நீங்கள் இன்னும் தொடவே இல்லை.

மூதூர்க் காற்று:

இருவரும் புத்தகத்தில் நிற்கிறீர்கள். வழக்கைக் கொஞ்சம் பாருங்கள். எங்களிடம் தொல்லைக்கு ஒரு சொல் அல்ல, பல சொல் உண்டு. கரைச்சல், அரியண்டம், ஆக்கினை, அலுப்பு. ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் இரவு முழுக்கப் பாட்டுப் போட்டால் அரியண்டம், அதில் அருவருப்பும் கோபமும் கலந்திருக்கிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அலுப்பு. கரைச்சல் இவற்றைவிட மென்மையான சொல். “ஒரு சின்னக் கரைச்சல், இந்தப் படிவத்தை நிரப்பித் தாருங்கள்” என்று உதவி கேட்கவே அதைப் பயன்படுத்துகிறோம். அரியண்டத்தை அப்படிச் சொல்ல முடியுமா?

இரைச்சலுக்கு வருவோம். சத்தம் கரைச்சலின் கட்டாயப் பகுதியாக இருந்திருந்தால், சத்தமில்லாத இடத்தில் சொல் கொஞ்சமாவது திணற வேண்டும். திணறுவதே இல்லை. மோட்டார் வேலை செய்யாவிட்டால் கரைச்சல். காணி உறுதியில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் கரைச்சல். முழங்கால் நோவும் கரைச்சல். ஒன்றும் வாய் திறப்பதில்லை.

நிலாவெளி அலை:

மறுபக்கமும் உண்டு நானா. “ரவுனில் ஏதோ கரைச்சலாம், போகாதே” என்று பெரியவர்கள் சொல்லி நாங்கள் வீட்டுக்குள் இருந்த காலமும் இருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதல்ல, திடீரென்று வெடிப்பது. கூச்சல் குழப்பம்தான் அங்கே பொருள். அது ரீச்சர் பக்கம்.

மூதூர்க் காற்று:

அந்தக் காலத்தில் எதையும் முழுப்பெயர் சொல்லி அழைக்கவில்லை தம்பி. பெரியதைச் சின்னச் சொல்லால் மூடி வைத்தோம். மென்மையான சொல் என்பதால்தான் அங்கே பயன்பட்டது.

உள்துறைமுகம்:

நான் இரண்டு கேள்விதான் கேட்டேன். இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. இங்கே எழுதியதை எதிர் மேசை நண்பரிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் ஒரு விஷயம் சொன்னார்: அவர்கள் எப்போதும் ‘கரச்சல் கரனவா’ என்று ‘செய்தல்’ சேர்த்துத்தான் சொல்வார்களாம், தனி வினையாக அதை ஓட்ட முடியாதாம். சீனி கரைவதற்கு அவர்களிடம் ‘தியவெனவா’ என்று முற்றிலும் வேறு சொல்.

பழஞ்சுவடி:

நண்பருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நான் தேடிக்கொண்டிருந்த சாட்சியை அவரே கொண்டுவந்து தந்துவிட்டார். இரவலாக வந்த பெயர்ச்சொல்லுக்குச் சொந்த வினை இருக்காது, ‘செய்’ என்று ஒரு துணைவினையை ஊன்றுகோலாகக் கொடுக்க வேண்டும். நாமும் ‘போன் செய்தேன்’ என்றுதானே சொல்கிறோம்?

ரீச்சருக்கு: இரைச்சலைத் தொடவில்லை என்றீர்கள். தொடுகிறேன். இரைச்சல் இன்றும் சத்தத்தையே குறிக்கிறது, ஓரடி நகரவில்லை. கூச்சலும் அப்படியே. சத்தத்தில் பிறந்த சொற்கள் சத்தத்திலேயே நின்றுவிட்டன. கரைச்சல் மட்டும் சத்தத்தில் பிறந்து, அந்தப் பொருளை மொத்தமாக உதறிவிட்டு, முழங்கால் நோவுக்குப் போனது என்று நம்ப எனக்கு இன்னும் ஒரு படி வேண்டும்.

ஐந்திணை ரீச்சர்:

அந்தப் படியை மலையாளத்தில் ஏறலாம். அங்கே சத்தம் அழுகையாகியிருக்கிறது. அழுகை துன்பமாக எத்தனை தூரம்? சீனி கரைவதற்கு அவர்கள் அந்தச் சொல்லைத் தொடுவதே இல்லை, ‘அலியுக’ என்கிறார்கள். நம் கிழக்குக் கரைப் பேச்சில் மலையாளச் சாயல் உண்டு என்று நீங்களேதான் வேறொரு இழையில் எழுதினீர்கள். இப்போது வசதியாக மறந்துவிட்டீர்கள்.

பழஞ்சுவடி:

மறக்கவில்லை. ஆனால் கரைச்சல் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் ஒரே பொருளில்தான் புழங்குகிறது. கிழக்கின் தனிச்சொல்லாக இருந்தால் உங்கள் வழியைப் பார்த்திருப்பேன்.

கந்தளாய் வாத்தியார்:

ஒரு சின்னக் கரைச்சல். ஒடியல் கூழுக்குப் பழப்புளியை முதலில் கரைத்துவிட வேண்டுமா, மா கரைத்து ஊற்றிய பிறகா? வீட்டில் இரண்டு கட்சி.

ஐந்திணை ரீச்சர்:

கடைசியில் விடுங்கள் வாத்தியார். புளி முதலில் விழுந்தால் உள்ளே கிடக்கும் கிழங்கும் பயற்றங்காயும் சீக்கிரம் அவியாது. அது ஏன் என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.